ஐம்பது காசு காணாமல் போகிறது – அவசர உதவி

வடுவூர்_ஏரி
அறுவடை வண்டி வாடகைக்கு ரசீது போட மாமாவுக்காக ஒரு புரோகிராம் எழுதினேன். முழு ரூபாயாக மாற்றும் இடத்தில் கணக்கு இடிக்கிறது. சில ரசீதுகள் சரி, சிலவற்றில் ஒரு ரூபாய் குறைகிறது. மாமாவின் நோட்டோடு ஒத்துப்போகவில்லை. நாளைக் காலை வண்டி வயலில் இறங்குகிறது. யாராவது உடனே சொல்லுங்கள்.

வெண்ணாறு
எந்தப் புரோகிராம் மொழி? என்ன எண்ணைக் கொடுத்தீர்கள், என்ன வந்தது? மாமாவின் நோட்டு எங்கள் கையில் இல்லையே.

கல்லணைப்_பெரியவர்
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வந்துவிடுகிறது. கணினி தசம எண்ணை இரும எண்ணாக, அதாவது 0, 1 மட்டும் கொண்டு, வைத்துக்கொள்கிறது தம்பி. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பைத்தானில் 2.675ஐ இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் 2.67தான் வரும், உள்ளே இருப்பது ஒரு மயிரிழை குறைவு. 1991இல் சவூதி அரேபியாவின் தஹ்ரானில், வரும் ஏவுகணையைத் தடுக்கும் பேட்ரியட் ஏவுகணைக் கணினி பத்தில் ஒரு விநாடியை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தது. 100 மணி நேரத்தில் 0.34 விநாடி பிசகியது. எதிரி ஏவுகணையைத் தடுக்கத் தவறி 28 படைவீரர்கள் இறந்தார்கள். அடிப்படை தெரியாமல் உட்கார்ந்தால் இப்படித்தான்.

தாளடி
ஏவுகணை இருக்கட்டும் ஐயா. அவர் எந்த மொழி என்றே இன்னும் சொல்லவில்லை.

குடமுருட்டி
பெல்ட் வண்டியா, டயர் வண்டியா?

வெண்ணாறு
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குடமுருட்டி
தெரிந்துகொள்ளத்தான். 0.5 கூட்டிவிட்டுப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடுங்கள். பல வருடமாக என் கடைக் கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

வெண்ணாறு
முன்பணத்தைத் திருப்பித் தரும் ரசீதில் கழித்தல் குறி வந்தால்? −612.70உடன் 0.5 கூட்டி வெட்டினால் −612 நிற்கும். வர வேண்டியது −613.

வடுவூர்_ஏரி
மன்னிக்கவும், பைத்தான். முழு ரூபாயாக்க ரவுண்ட் என்றுதான் போட்டிருக்கிறேன். பெல்ட் வண்டி, மணிக்கு 2,450 ரூபாய். கால் மணிக்கு 612.50, அதை 612 என்கிறது. முக்கால் மணிக்கு 1,837.50, அதை மட்டும் 1,838 என்கிறது. ஒன்றேகால் மணிக்கு 3,062.50, மறுபடியும் 3,062. எக்செல்லில் மூன்றும் மேலே ஏறுகின்றன.

கல்லணைப்_பெரியவர்
நான் சொன்னதேதான். இருமப் பிழை.

தாளடி
இல்லை ஐயா. 612.5 இரும எண்ணில் துளியும் பிசகாமல் நிற்கும். அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் கிடைப்பவை; அவற்றுக்கு அங்கே பிழையே கிடையாது. மாவுக்குத்தான் தொல்லை. இருபதில் ஒன்று, 0.05, முடிவில்லாமல் ஓடும்.

தம்பி, வந்த விடைகளைப் பாருங்கள்: 612, 1,838, 3,062. மூன்றும் இரட்டைப்படை. பைத்தான் 3இல் சரிபாதி வந்தால் பக்கத்திலுள்ள இரட்டைப்படைக்குப் போகும். 2.5 இரண்டாகும், 3.5 நான்காகும். பாதியை எப்போதும் மேலேயே ஏற்றினால் நீண்ட பட்டியலில் மொத்தம் வீங்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. கணினியில் தசமக் கணக்குக்கான ஐஇஇஇ 754 தரத்திலும் 1985 முதல் இதுதான் இயல்பு. பைத்தான் 2 பள்ளிக்கூடக் கணக்குப்படி 613.0 கொடுத்தது.

உங்களுக்குப் பாதியை மேலே ஏற்றும் மாமாவின் முறை வேண்டுமென்றால், தசம எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் டெசிமல் தொகுதியை பைத்தானில் எடுங்கள். வாடகையையும் நேரத்தையும் மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவே கொடுங்கள். பெருக்கிய பிறகு முழு ரூபாய்க்குச் சுருக்க குவான்டைஸ் போட்டு, முறை என்ற இடத்தில் ரவுண்ட்_ஹாஃப்_அப் என்று சொல்லுங்கள். கழித்தல் எண்ணுக்கும் சரியாக வரும்.

என்னைக் கேட்டால் இரட்டைப்படையே நியாயம். ஒன்றேமுக்கால் மணிக்கு 4,287.50 வரும், அது 4,288 ஆகும். ஒரு தடவை விவசாயிக்கு, ஒரு தடவை வண்டிக்காரருக்கு.

குடமுருட்டி
மணிக்கு 2,450 வாங்குகிறவருக்கு ஐம்பது காசில் என்ன நியாயம் வேண்டியிருக்கிறது? அது கிடக்கட்டும், மாவில் என்ன தொல்லை? எங்கள் ஊரில் 33 சென்ட் ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர்.

வெண்ணாறு
மூன்று 33 சேர்ந்தால் 99. மீதி ஒரு சென்ட் எங்கே?

குடமுருட்டி
வரப்பில்.

தாளடி
நில அளவில் 20 மா ஒரு வேலி. 33 சென்ட் என்றால் வேலிக்கு 6.60 ஏக்கர், மூன்று மா ஏக்கர் என்றால் 6.67. கிட்டத்தட்ட ஏழு சென்ட் இடிக்கிறதே. அவ்வளவு அகலமான வரப்பா?

கல்லணைப்_பெரியவர்
தலைப்பை விட்டு விலகாதீர்கள். அதோடு, மா என்பது 100 குழி. சென்ட்டில் சொல்வதே பின்னால் வந்த வழக்கம்.

வெண்ணாறு
விலகாதீர்கள் என்றுவிட்டு நீங்களே குழி வெட்டுகிறீர்கள்.

குடமுருட்டி
கேள்வி கேட்ட தம்பி எங்கே?

வடுவூர்_ஏரி (மூன்று நாள் கழித்து)
வயலில் சிக்னல் இல்லை. டெசிமல் போட்டேன், 613, 1,838, 3,063. சரியாக இருக்கிறது. அப்புறமும் 60 ரூபாய் உதைத்தது. மாமா எழுதியிருந்த 7ஐ நான் 1 என்று படித்திருக்கிறேன். வண்டி நீடாமங்கலம் போய்விட்டது. நன்றி.

வெண்ணாறு
முன்பண ரசீதைச் சோதித்தீர்களா?