10 ஜூல் தாங்கும் என்ற கண்ணாடி 3 ஜூலிலேயே ஏன் பொரிகிறது?

மண்டபம்_லைடார்:
ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் கரையோர லைடார் (லேசரை அனுப்பி, திரும்பும் ஒளியை வைத்துத் தொலைவிலிருந்தே அளக்கும் கருவி). என்டி-யாக் (நியோடிமியம் கலந்த படிக) லேசர், 1064 நானோமீட்டர், 5 நானோவினாடி, வினாடிக்கு 10 துடிப்பு, துடிப்புக்கு 100 மில்லிஜூல், பீம் விட்டம் 2 மி.மீ. லேசர் படும் பூச்சுக் கண்ணாடியின் தாங்குவரம்பு (சேதமில்லாமல் ஏற்கும் ஆற்றல்) ச.செ.மீ.க்கு 10 ஜூல், 10 நானோவினாடியில். விழுவது 3.2 தானே? ரெண்டே மாசத்தில் நடுவில் வெள்ளைப் புள்ளிகள். புதுசு வாங்குமுன் சோதிக்கணுமா?

கோட்டிங்_கிறுக்கன்:
3.2 சராசரி. காஸியன் பீமின் (நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்குவது) நடு உச்சம் அதில் இரு மடங்கு, அதாவது 6.4. அந்த 2 மி.மீ., தீவிரம் 13.5 சதவீதமாகக் குறையும் இடத்தில் அளந்ததா? பாதித் தீவிரத்தில் அளந்ததென்றால் உச்சம் 2.2 தான், கவலையில்லை.

வரம்பும் அப்படியே நிற்காது. துடிப்பு நீளத்தின் வர்க்கமூலத்தோடு இறங்கும்: 5 நானோவினாடிக்கு சுமார் 7. ஏழுக்கு 6.4 என்றால் கத்தி முனை. பீமில் ஆற்றல் குவிந்த ஒரு சூட்டுப்புள்ளி இருந்தாலே போச்சு. கண்ணாடிக்கு முன்னாலேயே பீமை 4 மி.மீ.க்கு விரியுங்கள், உச்சம் 1.6க்கு இறங்கும்.

உப்புக்காற்று:
கணக்கு சரி, ஆனால் அது மண்டபம். கச்சான் காற்று கொண்டுவரும் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் நீராய்க் கரையும். ஏசி ஓடினால் காய்ந்து குருணையாகும். குருணை இருக்கிற இடத்தில்தான் பூச்சு முதலில் பொரியும்.

எல்லோரும் செய்கிற தப்பு, நேரே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது. அதில் உப்பு கரையாது. குருணையைத் தேய்த்துக் கீறல் போடுவதுதான் மிச்சம். முதலில் ரப்பர் பல்பால் ஊதுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த லென்ஸ் தாளை மேலே படுக்க வைத்து, அழுத்தாமல் ஒரே இழுப்பு. புதுத் தாளில் இன்னொரு முறை. ஆல்கஹால் கடைசியில், ஈரம் போக்க மட்டும். லேசரின் நிறத்தை மாற்றும் கேடிபி படிகத்தில் இதைச் செய்யாதீர்கள், தண்ணீரில் கரைந்துவிடும்!

ஏசி அறையிலிருந்து வெளியே எடுப்பதானால் மூடிய டப்பாவிலேயே ஒரு மணி நேரம் வையுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் அங்கே உடனே வேர்க்கும்.

கோட்டிங்_கிறுக்கன்:
சோதனைக்கு, லேசர் சேத வரம்பை அளக்கும் ஐஎஸ்ஓ 21254 முறை. இடத்துக்கு ஒரே துடிப்பு அடிக்கும் சோதனை உங்களுக்கு உதவாது. உங்கள் லேசர் மணிக்கு 36,000 துடிப்பு அடிக்கிறது. ஒரே இடத்தில் பல துடிப்பு அடிக்கும் முறையைக் கேளுங்கள். ஒவ்வொரு ஆற்றல் படிக்கும் குறைந்தது 10 இடம். சேதத்தை, நுண்ணிய மேடுபள்ளத்தைக் காட்டும் நொமார்ஸ்கி நுண்ணோக்கியில் பார்க்கணும், வெறுங்கண்ணுக்குத் தப்பிவிடும். உங்கள் கண்ணாடியைப் பலி கொடுக்க வேண்டாம். அதே பூச்சுத் தொகுதியில் வந்த சாட்சித் துண்டு (சோதனைக்கென்றே சேர்த்துப் பூசிய சிறு துண்டு) கேட்டால் கொடுப்பார்கள். சோதனை பீம் ரொம்பச் சின்னதென்றால் அங்கங்கே உள்ள குறைகள் அகப்படாமல் போய், எண் பொய்யாகக் கூடிக் காட்டும். அறிக்கையில் பீம் விட்டத்தைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.