கீழே பொத்துக்கொண்ட வெடித்துளைக்கு என்ன பெயர்?

நண்பர்களே, வணக்கம்.

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவைப்போருக்கான பாதுகாப்புக் கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், ஒரு சொல்லில் நிற்கிறேன். துளை போடும் இடத்துக்கு அடியில் பழைய சுரங்கப் பாதை இருந்தால், துளை அதற்குள் பொத்துக்கொண்டு போய்விடும். துளைத்தண்டு சட்டென்று இறங்கும். மேலே வந்துகொண்டிருந்த தூள் நின்றுபோகும். கவனிக்காமல் வெடிமருந்தை ஊற்றினால் துளை நிரம்பாது, மருந்து கீழே போய்க் குவியும். வெடித்தால் சுடரும் கார்பன் மோனாக்சைடும் சுரங்கத்துக்குள் பாயும். அங்கே மீத்தேனோ நிலக்கரித்தூளோ இருந்தால் அப்புறம் கேட்கவே வேண்டாம். பழைய வரைபடங்களை முழுதாக நம்ப முடியாது. துளைபோடுபவர் கொடுக்கும் தகவல்தான் கடைசிக் காவல். அந்தத் துளைக்கு 'ஊடுதுளை' சரிவருமா?

---

எல்லாத் துளையும் ஊடுருவத்தான் செய்கிறது. நன்னூல் கடைமாணாக்கருக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று இல்லிக்குடம், அதாவது ஓட்டைக்குடம். ஊற்றுவது நிற்காத குடம், ஊற்றும் மருந்து நிற்காத துளை: 'இல்லித்துளை'. இல்லியும் இல்லமும் ஒரே வேர் என்பது என் கருத்து. ஆதி வீடு மலையில் இருந்த பொந்துதானே? குடையப்பட்ட இடம் என்பதே 'இல்'லின் முதற்பொருளாக இருக்கவேண்டும்.

---

ஐயா, உவமை அருமை. ஆனால் எந்திர இரைச்சலில் ஒருவர் "இல்லித்துளை" என்று கத்தினால், அடுத்தவர் காதில் "இல்லை" என்றுதான் விழும். ஆபத்து உண்டு என்று சொல்லவந்த சொல் இல்லை என்று கேட்கலாமா? 'அடிதிறந்த துளை' என்று வைப்போம்.

---

அது விளக்கம், சொல்லாகாது. தவிர, அடி என்பது அளவும்கூட. நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து 500 அடிக்குள் மேலே தோண்ட அமெரிக்க விதிகளில் தனி ஒப்புதல் வேண்டும். அதை எழுதும்போது "500 அடிக்குள் அடிதிறந்த துளை" என்றா அச்சிடுவீர்கள்? 'பொத்தல் துளை' எனலாமே.

---

பொத்தலும் துளைதான். ஒன்றையே இரண்டு தரம் சொல்கிறோம்.

---

சரி, நாளைக்கு வெள்ளிக்கிழமை. நால்வர் ஒத்துக்கொண்டதால், 'அடிதிறந்த துளை'யில் 'அடி'யை மட்டும் மாற்றி 'கீழ்திறந்த துளை' என்று போட்டுவிட்டேன். பக்கத்திலேயே, "தண்டு சட்டென்று இறங்கினால் நிறுத்து, ஆழத்தைக் குறித்துவை, வெடிவைப்பவரிடம் சொல். அடியை அடைத்து உறுதிசெய்யாமல் மருந்து ஊற்றாதே" என்றும் சேர்த்திருக்கிறேன். இந்த வரியில் மட்டும் யாரும் கைவைக்க வேண்டாம்.

---

அந்த வரி நன்று. சொல்லை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் இல்லித்துளையோடு மறுபடி வருவேன்.