விஎம் கடிகாரம் பின்தங்குகிறது, ஆனால் வேகமாகவும் ஓடுகிறது! உதவி தேவை

ரேக்_ஓரம்:
வணக்கம் நண்பர்களே. ஹோஸ்ட் (அசல் கணினி), கெஸ்ட் (அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினி, அதாவது விஎம்) இரண்டும் டெபியன் லினக்ஸ், கெஸ்ட் கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் ஓடுகிறது. கெஸ்ட்டில் இருக்கும் செயலிக்குள் நுழைய, நேரத்தை வைத்து மாறும் ஓடிபி போட வேண்டும். காலையில் யார் போட்டாலும் "தவறான குறியீடு" என்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. எட்டரைக்குப் பார்த்தால் கெஸ்ட் சுமார் 12 நிமிடம் பின்னால் நிற்கிறது. சரி, மெதுவாக ஓடுகிறது போல என்று "ஸ்லீப் 60" (60 வினாடி காத்திருக்கும் கட்டளை) கொடுத்துக் கைப்பேசி ஸ்டாப்வாட்ச்சோடு ஒப்பிட்டால் 55 வினாடியிலேயே முடிந்துவிடுகிறது. பின்தங்கியிருக்கிற கடிகாரம் எப்படி வேகமாக ஓடும்? கிளாக்சோர்ஸை (கெஸ்ட் நேரத்தை எண்ண எடுத்துக்கொள்ளும் மூலத்தை) கேவிஎம்-கிளாக்கிலிருந்து டிஎஸ்சிக்கு மாற்றினேன், அதே கதைதான்.

நீலத்திரை:
டைம்ஸோன் பார்த்தீர்களா? விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் யுடிசியாக (உலகப் பொது நேரமாக) எடுக்கும்.

பழைய_டெர்மினல்:
டைம்ஸோன் என்றால் நம் ஊரில் வித்தியாசம் கச்சிதமாக ஐந்தரை மணி நேரம் வரும், 12 நிமிடம் வராது. ரேக்_ஓரம், ராத்திரி அந்த விஎம்மை ஏதாவது செய்கிறீர்களா? நேரத்தைச் சர்வரோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் குரோனியின் நிலையைக் காட்டும் "குரோனிசி டிராக்கிங்" என்ன சொல்கிறது?

ரேக்_ஓரம்:
ஆமாம் அண்ணே, 2 மணிக்கு ஸ்கிரிப்ட் மேனேஜ்ட்சேவ் போட்டு, டிஸ்க்கை நகலெடுத்து, 2:40 வாக்கில் திரும்ப ஸ்டார்ட் செய்யும். டிராக்கிங்கில் 730 சொச்சம் வினாடி "ஸ்லோ" என்று இருக்கிறது, லீப் ஸ்டேட்டஸ் நார்மல், அதாவது சர்வரோடு இணைந்துதான் இருக்கிறது.

பழைய_டெர்மினல்:
அங்கேதான் விஷயம். மேனேஜ்ட்சேவில் கெஸ்ட்டின் நினைவகம் அப்படியே கோப்பில் போய் உட்காருகிறது, எழும்போது விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது, அதாவது 2:40க்கு அதன் கணக்கில் மணி இன்னும் 2தான். இடையில் நின்றதாகவே குரோனிக்குத் தெரியாது. டெபியன் அமைப்புக் கோப்பில் "மேக்ஸ்டெப் 1 3" என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், வித்தியாசம் 1 வினாடிக்கு மேல் போனால் ஒரே தாவலில் சரிசெய், ஆனால் குரோனி தொடங்கியபின் வரும் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும். அந்த மூன்றும் என்றைக்கோ முடிந்திருக்கும். அதனால் தாவாமல் கடிகாரத்தை வேகமாக ஓட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. அதற்கு இயல்பான உச்ச வேகம் 83333 பிபிஎம் (பத்து லட்சத்தில் 83333 பங்கு), அதாவது 12 வினாடிக்கு 1 வினாடி. உங்கள் ஸ்லீப் 60, 55 ஆவது இதனால்தான், கிளாக்சோர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. 40 நிமிடத்தை இந்த வேகத்தில் பிடிக்க 8 மணி நேரம். எழுந்ததும் உடனே நேர சர்வரைக் கேட்காது, அடுத்த முறை வரை 17 நிமிடம்கூட ஆகலாம். கூட்டினால் 11 மணி. ஓடிபி 30 வினாடிக்கு ஒருமுறை மாறுவது, அதுவரை எப்படி ஒத்துப்போகும்?

நீலத்திரை:
அப்போ கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டுவது) ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, சர்வரைக் கேட்டு நேரத்தைச் சரிசெய்யும் என்டிபிடேட் ஓட விட்டால்?

பழைய_டெர்மினல்:
வேண்டாம், ஒரே உறையில் இரண்டு கத்தி. "மேக்ஸ்டெப் 1 -1" என்று மாற்றினால் எப்போது வேண்டுமானாலும் தாவும், ஆனால் தப்பான நேரம் சொல்லும் சர்வர் மாட்டினால் அதன் பின்னாலேயே போய்விடும், ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர் இருந்தால்தான் அதற்குத் துணிவேன். பேக்கப் ஸ்கிரிப்ட்டின் கடைசியில் கெஸ்ட்டில் குரோனியை ரீஸ்டார்ட் செய்வது எளிது, மூன்று வாய்ப்பும் புதிதாகக் கிடைக்கும், ஐபர்ஸ்ட் (தொடங்கியதும் சர்வரை அடுத்தடுத்துக் கேட்கும் அமைப்பு) இருப்பதால் சில வினாடியில் வேலை முடியும். எழுந்த கையோடு "குரோனிசி மேக்ஸ்டெப்" மட்டும் அடித்தால் பலிக்காது, வித்தியாசத்தை அது அப்போது இன்னும் அளந்தே இருக்காது.

கெஸ்ட்_ஏஜென்ட்:
கெஸ்ட்டுக்கு வெளி நெட்வொர்க் இல்லாதவர்களுக்கு: பிடிபி_கேவிஎம் மாட்யூலை ஏற்றினால் ஹோஸ்ட்டின் நேரம் பிடிபி0 என்ற சாதனமாகத் தெரியும், அதைக் குரோனிக்கு ரெஃப்கிளாக்காக (ஒப்பிடும் கடிகாரமாக) கொடுக்கலாம். ஹோஸ்ட்டின் நேரம் சரியாக இருக்க வேண்டும் என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தாவும் விதி இதற்கும் அதேதான்.

ரேக்_ஓரம்:
ரீஸ்டார்ட் வரியைச் சேர்த்தேன். காலையில் வித்தியாசம் மில்லிவினாடிக்குள், ஸ்லீப் 60 அறுபதாகவே இருக்கிறது. நன்றி அண்ணே. இத்தனை நாள் விழுந்த லாக் எல்லாம் குப்பையா?

பழைய_டெர்மினல்:
குப்பையில்லை. வேகமாக ஓடியதே தவிரப் பின்னால் போகவில்லை, அதனால் வரிசை குலைந்திருக்காது. 2:40 முதல் 11 வரை பதிவான நேரத்தை மட்டும் வேறு சர்வரின் லாக்கோடு ஒப்பிடாதீர்கள்.