பேப்பர் போட்டதும் கம்பெனி சம்பளம் கூட்டுகிறது: இருக்கலாமா, கிளம்பலாமா?

அம்பத்தூர்_குவாலிட்டி:

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். சேர்ந்து 4 வருடம் 5 மாதம். வாரம் ஆறு நாள் வேலை. சிடிசி (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) 7.2 லட்சம், பேசிக் (மாத அடிப்படைச் சம்பளம்) 30,000, கையில் 55,000 பக்கம் வருகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் 9.6 லட்சத்துக்கு ஆஃபர் கிடைத்து, திங்கட்கிழமை பேப்பர் போட்டேன் (ராஜினாமா கொடுத்தேன்). வியாழக்கிழமை பிளான்ட் ஹெட் கூப்பிட்டு, "9 லட்சம் தருகிறோம், போகாதே" என்றார். வருகிற திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

புது ஆஃபரில் பிக்சட் (நிச்சயமாக வரும் பகுதி) 8.4 லட்சம், வேரியபிள் (கூடக் குறைய வரும் பகுதி) 1.2 லட்சம். பேசிக் 35,000, பிஎஃப் முழு பேசிக்குக்கும் பிடிப்பார்கள். இங்கே சொல்வது பிக்சட் 7.8 லட்சம், அதோடு ரிட்டென்ஷன் போனஸ் 1.2 லட்சம்: ஆறாவது மாதம் பாதி, பன்னிரண்டாவது மாதம் மீதி. 24 மாதத்துக்குள் போனால் போனஸைத் திருப்பிக் கட்ட வேண்டும். நோட்டீஸ் 60 நாளிலிருந்து 90 ஆகும். ஏப்ரலில் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆக்குகிறோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார்கள்.

கிளம்ப நினைத்ததற்குக் காரணம் சம்பளம் மட்டுமில்லை. மூன்று வருடமாக ஒரே கிரேடு. கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் எது வந்தாலும் 8டி ரிப்போர்ட் (குறைக்குக் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் அறிக்கை) என் தலையில்தான். வித்தியாசம் 60,000 தானே, தெரிந்த இடத்திலேயே இருந்துவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கணக்குப்புள்ளை:

சிடிசியை சிடிசியோடு ஒப்பிட்டால் தப்பான விடைதான் வரும். பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

இங்கே கூட்டித் தருவதாகச் சொல்லும் பிக்சட் 7,80,000. பேசிக் பாதி என்றால் மாதம் 32,500. இப்போது உங்கள் கையில் வரும் தொகையைப் பார்த்தால் பிஎஃப்பை முழு பேசிக்குக்கும் பிடிக்காமல் 15,000 வரம்புக்குத்தான் (அதில் 12%, மாதம் 1,800) பிடிக்கிறார்கள் என்று தெரிகிறது. ஆக, கம்பெனி பங்கு வருடம் 21,600, கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, பேசிக்கில் 4.81%) 18,760 கழியும். மீதி 7,39,640, மாதம் 61,637. உங்கள் பங்கு பிஎஃப் 1,800 போக, கையில் 59,837.

புது இடத்தில் பிக்சட் 8,40,000. பேசிக் 35,000க்கு 12% என்றால் கம்பெனி பங்கு மாதம் 4,200, வருடம் 50,400. கிராஜுவிட்டி 20,200. மீதியைப் பன்னிரண்டால் வகுத்தால் 64,117. உங்கள் 4,200 போக, கையில் 59,917.

மாதாமாதம் வங்கிக்கு வருவதில் வித்தியாசம் வெறும் 80 ரூபாய். ஆனால் இங்கே பிஎஃப்புக்கு இரண்டு பங்கும் சேர்ந்து மாதம் 3,600, அங்கே 8,400. இரண்டிலும் 1,250 பென்ஷனுக்குப் போகும், மற்றது உங்கள் கணக்கில் வட்டியோடு நிற்கும். ஆக, பிக்சட்டில் மட்டும் புது இடம் வருடத்துக்கு 58,500 சொச்சம் அதிகம்.

அடுத்து அந்த 1.2 லட்சம். வேரியபிள் முழுசாகக் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. 80% என்று வைத்தால் 96,000. முதல் வருடம் புது இடம் 34,500 தான் முன்னால் நிற்கும். இரண்டாவது வருடம் ரிட்டென்ஷன் போனஸ் கிடையாது, வேரியபிள் தொடரும். அப்போது வித்தியாசம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அடுத்த இன்க்ரிமென்ட் சதவீதமும் இங்கே 7.8 மேல்தான் விழும், 9 மேல் இல்லை. "9 லட்சம்" என்பது ஒரு வருடத்துக்கான எண்.

புதிய வரி முறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி இல்லை, எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கவலை வேண்டாம். பூந்தமல்லியில் கம்பெனி பஸ் பிடிப்பதாக இருந்தால் அம்பத்தூரிலிருந்து போக வர தினம் 25 கிலோமீட்டர் பைக். பெட்ரோலுக்கு மாதம் 1,400 பக்கம் ஒதுக்குங்கள்.

ஹெச்ஆர்_மேசை:

கணக்கு சரி. நான் பார்ப்பது ஷரத்துகளை.

போனஸைத் திருப்பிக் கட்டும் ஷரத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். 18 மாதம் இருந்துவிட்டுப் போனால் முழுத் தொகையா, மீதி ஆறு மாதத்துக்கு உண்டான விகிதமா? கம்பெனியே ஆளைக் குறைத்து உங்களை அனுப்பினாலும் கட்ட வேண்டுமா? பிடித்தம் இருந்தால், பிடித்தத்துக்கு முந்தைய தொகையா, கைக்கு வந்த தொகையா? பெரும்பாலான கடிதங்களில் இந்த மூன்றும் தெளிவாக இருக்காது. தெளிவில்லாத ஷரத்து ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் (வேலையை விடும்போது கணக்கு முடிப்பது) நேரத்தில் கம்பெனிக்குத்தான் சாதகமாகப் போகும்.

90 நாள் நோட்டீஸை சாதாரணமாக நினைக்காதீர்கள். இதே ஆஃபர் இன்னொரு முறை வந்தால் 90 நாள் காத்திருக்க எல்லா கம்பெனியும் சம்மதிக்காது. போனஸ் 24 மாதம் கட்டிப் போடுகிறது, நோட்டீஸ் அதற்குப் பிறகும் கட்டிப் போடும்.

ஏப்ரல் புரமோஷன் வாய்வார்த்தை என்றால் கணக்கில் பூஜ்யம் என்றே போடுங்கள். தரும் எண்ணம் இருந்தால் திருத்திய சம்பளக் கடிதத்திலேயே பதவி, கிரேடு, அமலாகும் தேதி மூன்றையும் எழுதலாம். "அப்ரைசல் சைக்கிளில்தான் முடியும்" என்று பதில் வந்தால், சைக்கிளுக்கு வெளியே சம்பளத்தை மட்டும் எப்படிக் கூட்ட முடிந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இருப்பது என்று முடிவெடுத்தால் வரிசை முக்கியம். முதலில் கையெழுத்தான திருத்தக் கடிதம் கையில் வரட்டும். பிறகு ராஜினாமாவைத் திரும்பப் பெறும் மெயில், அதை ஏற்றுக்கொண்டதாக ஹெச்ஆரின் பதில் மெயில். சிஸ்டத்தில் உங்கள் கடைசி நாள் நீக்கப்பட்டதையும் பாருங்கள். அதை நீக்க மறந்தால் அந்தத் தேதியில் சம்பளமும் பஞ்சிங் கார்டும் தானாக நிற்கும். அதன் பிறகுதான் புது கம்பெனிக்கு மறுப்பு மெயில், அதுவும் அன்றைக்கே. சேரும் நாள் வரை இழுத்துவிட்டுப் போகாமல் இருந்தால் அந்தக் கதவு பிறகு திறக்காது.

ஷாப்_ஃப்ளோர்:

தம்பி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் பிளான்ட்டில் என்ன இருக்கிறது? ஐஏடிஎஃப் (ஆட்டோ துறைத் தரச் சான்று) ஆடிட்டா? புது பார்ட்டுக்கு பிபிஏபி (கஸ்டமர் ஒப்புதலுக்கான ஆவணங்கள்) சப்மிஷனா? குவாலிட்டியில் கன்ட்ரோல் பிளான், எஃப்எம்இஏ (எங்கே தவறு வரலாம் என்ற ஆய்வு), கேஜ் ஸ்டடி (அளவுக் கருவிகளின் சோதனை) எல்லாவற்றையும் ஒரே ஆள் கையில் வைத்திருந்தால், அந்த ஆளுக்குப் பதில் ஒருவரைப் பிடித்து, கஸ்டமர் எஸ்க்யூஏவோடு (சப்ளையர் தரத்தைப் பார்க்கும் கஸ்டமர் தரப்பு ஆட்கள்) பழக்கிவிட ஆறு மாதம் ஆகும். முதல் தவணை போனஸும் ஆறாவது மாதம்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்று வருடம் ஒரே கிரேடில் வைத்திருந்தவர்கள் மூன்று நாளில் 60,000 பிக்சட் கூட்டினார்கள் என்றால், பணம் அங்கே முன்பே இருந்தது. 8டி உங்கள் தலையில் விழுவது மாறுமா என்று கேளுங்கள். கூட ஒரு ஜூனியர் போடுவார்களா, எந்தத் தேதிக்குள்? சம்பளம் கூடி வேலை அப்படியே இருந்தால், கிளம்ப வைத்த காரணமும் அப்படியேதான் இருக்கும்.

அம்பத்தூர்_குவாலிட்டி:

ஷாப்_ஃப்ளோர் அண்ணா, சரியாகச் சொன்னீர்கள். இரண்டு பார்ட்டுக்கு பிபிஏபி நிலுவையில் இருக்கிறது, ஆடிட் பத்து வாரத்தில். ஜூனியர் பற்றிக் கேட்டேன், "பார்க்கலாம்" என்றார்கள். போவது என்றுதான் மனம் சொல்கிறது. 60 நாள் நோட்டீஸ் முடிந்ததும் ஒரு நாள்கூடத் தங்காமல் ரிலீவ் ஆகிவிடலாமா?

பிஎஃப்_கிராஜுவிட்டி:

அவசரப்படாதீர்கள் சார், உங்கள் தேதியில் பணம் இருக்கிறது.

இப்போது 4 வருடம் 5 மாதம், நோட்டீஸ் முடியும்போது 4 வருடம் 7 மாதம். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையும் முழு வருடமாக எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. வாரம் ஆறு நாள் வேலை என்பதால் உங்களுக்கு 240 தான் அளவு. 4 வருடம் முடிந்த நாளிலிருந்து எண்ணினால் ஏழு மாதம் 28 நாள் வரும். ஏறக்குறைய ஒரு மாதம் குறைகிறது. சம்பளமில்லாத லீவு எடுத்திருந்தால் அந்த நாட்கள் 240ல் சேராது, அவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தொகை: 30,000 × 15 ÷ 26 × 5 = 86,538 ரூபாய்.

உங்கள் கம்பெனிக்கு ஆடிட் வரை ஆள் வேண்டும். அந்தப் பத்து வாரத்தோடு பிபிஏபியை ஒப்படைக்கவும் கொஞ்ச நாள் சேர்த்தால் 240 தாண்டிவிடும். கடைசி நாளை ஐந்து வாரம் தள்ளி வைக்க நீங்களே மெயில் போடுங்கள், அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அதே மெயிலில், 240 நாள் அடிப்படையில் கிராஜுவிட்டி தருவீர்களா என்றும் கேட்டு பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில கம்பெனிகள் முழு ஐந்து வருடம் கேட்டு அடம்பிடிக்கும். பிடித்தால் தொழிலாளர் துறையில் மனு போடலாம், ஆனால் இழுக்கும். மெயில் போடும் முன்பே புது கம்பெனியிடம் சேரும் தேதியை மாற்றி எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவர்கள் காத்திருக்க முடியாது என்றால், இழக்கும் 86,538ஐக் காட்டி ஜாயினிங் போனஸ் கேளுங்கள்.

பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள். ஐந்து வருடம் முடியும் முன் எடுத்தால் வரிக்கு உட்படும். பழைய யூஏஎன் நம்பரையே (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) புது இடத்தில் கொடுத்து மாற்றிக்கொண்டால் பழைய சர்வீஸும் சேரும். பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதிவு செய்யாவிட்டால், கடைசி பிஎஃப் செலுத்தி இரண்டு மாதம் கழித்து போர்ட்டலில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கணக்குப்புள்ளை:

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் கூடுதலாக வேண்டும் என்றால், பிஎஃப்பை 15,000 வரம்புக்குள் வைக்க முடியுமா என்று புது ஹெச்ஆரிடம் சேரும் முன் கேளுங்கள். சம்மதித்து, கம்பெனி பங்கின் மிச்சத்தை அலவன்ஸாகத் தந்தால் மாதம் 4,800 கூடி 64,700 கைக்கு வரும். சேர்ந்து முழு பேசிக்கில் பிடிக்க ஆரம்பித்த பிறகு குறைப்பது கஷ்டம். வீட்டுக் கடன், வட்டி என்று நெருக்கடி இல்லாவிட்டால் முழு பேசிக்கிலேயே விடுங்கள் என்பது என் கருத்து.

அம்பத்தூர்_குவாலிட்டி:

புது கம்பெனி ஹெச்ஆர் ஐந்து வாரம் தள்ள ஒத்துக்கொண்டு, திருத்திய தேதியோடு மெயிலும் அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை காலை பிளான்ட் ஹெட்டிடம் போவது உறுதி என்று சொல்லிவிட்டு, கடைசி நாளைத் தள்ளும் மெயிலையும் கிராஜுவிட்டி கேள்வியையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

ஹெச்ஆர்_மேசை:

மெயிலில் "ஆடிட் முடியும் வரை" என்று எழுதாதீர்கள், ஆடிட் தள்ளிப் போனால் நீங்களும் தள்ளிப் போவீர்கள். தேதியைப் போடுங்கள்.