பேஸ் கிடாரில் பி ஸ்ட்ரிங் மட்டும் கரகரக்கிறது, அவசர உதவி தேவை

அஞ்சுகம்பி:
சனிக்கிழமை ப்ரோகிராம் இருக்கிறது நண்பர்களே. எட்டு மாதம் முன்பு ஆசைப்பட்டு வாங்கிய சிக்னேச்சர் மாடல் (ஒரு கலைஞர் பெயரில் வருவது) பேஸ் கிடார், ஐந்து ஸ்ட்ரிங். ஸ்லாப், விரல், பிக் என்று எப்படி வாசித்தாலும் ஈடுகொடுத்தது. பத்து நாளாக பி ஸ்ட்ரிங்கை, அதாவது இருப்பதிலேயே தடித்த கம்பியை, அழுத்தி வாசித்தால் சத்தம் உடைகிறது. புது ஸ்ட்ரிங் மாட்டியும் அதேதான். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் போய்விட்டதா?

கீழ்ஸ்தாயி:
ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், 34 அங்குலமா, 35 அங்குலமா? ஸ்ட்ரிங் என்ன கேஜ் (தடிமன்)? எதுவுமே சொல்லவில்லையே. பி ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் அதிர்வது. 34 அங்குலத்தில் 125 கேஜ் போட்டால் தொளதொளவென்றுதான் இருக்கும். 130 போடுங்கள்.

மேடைப்பக்கம்:
ஆம்பில் போடாமல் வாசித்தாலும் கரகரக்கிறதா? அப்படியென்றால் கம்பி நெக்கில் உள்ள ஃப்ரெட் பட்டையில் உரசுகிறது, நெக்கைப் பார்க்க வேண்டும். முதலில் இதைச் சொல்லுங்கள் தம்பி.

அஞ்சுகம்பி:
ஆம்பில் போடாவிட்டால் சுத்தமாக இருக்கிறது அண்ணா. ஸ்கேல் 34. கேஜ் தெரியாது, கடையில் மாட்டிக் கொடுத்தார்கள்.

ஈயப்பற்று:
ஆக்டிவ் பேஸ்தானே, உள்ளே பேட்டரியில் ஓடி சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் இருப்பது? பேட்டரி கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

கீழ்ஸ்தாயி:
பேட்டரி இறங்கினால் ஐந்து ஸ்ட்ரிங்கும் சேர்ந்துதான் இறங்கும். ஒன்று மட்டும் எப்படிக் கெடும்? இங்கே பல வருடமாகச் சொல்கிறேன், ஸ்ட்ரிங் கேஜ் கூடத் தெரியாமல் ஐந்து ஸ்ட்ரிங் வாங்கக் கூடாது. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஈயப்பற்று:
ஒன்று மட்டும் கெடுவது போலத் தெரியும், அதுதான் விஷயம். வோல்டேஜ் குறைந்தால் ப்ரீஆம்ப் தாங்கும் அளவும் குறைகிறது. பி ஸ்ட்ரிங்தான் பெரிதாக அதிரும், கீழ் ஒலியைக் கூட்டும் பேஸ் குமிழையும் ஏற்றி வைத்திருந்தால் சிக்னல் இன்னும் பெருக்கும். அதனால் முதலில் உடைவது அது. மெதுவாக வாசித்தால் சரியாக இருக்கும். ப்ரீஆம்பைத் தவிர்க்கும் பாஸிவ் ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டு வாசியுங்கள். கரகரப்பு நின்றால் பிக்கப் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

நாலேபோதும்:
இந்த பேட்டரித் தொல்லையே வேண்டாம். பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் மோடவுன் ரெக்கார்ட் கம்பெனியில் பெரும்பாலும் வாசித்தது நான்கு ஸ்ட்ரிங் ப்ரெசிஷன் பேஸ், பழைய ஃப்ளாட்வவுண்ட் (வழவழப்பான) ஸ்ட்ரிங், பேட்டரி கிடையாது. ஐந்தாவது ஸ்ட்ரிங் எதற்கு?

மேடைப்பக்கம்:
ஸ்டுடியோவுக்கு அது சரி. மெல்லிசை மேடையில் மூன்று கட்டைப் பாட்டைப் பாடகர் கடைசி நிமிடத்தில் ‘அரைக் கட்டை இறக்குங்கள்’ என்பார். நாலாவது ஸ்ட்ரிங் ஈ, அது மூன்று கட்டையோடு நின்றுவிடும். இரண்டரைக்கு ஷட்ஜம் வேண்டுமென்றால் மேல் ஸ்தாயிக்கு ஓட வேண்டும், பாட்டின் கனமே போய்விடும். பி ஸ்ட்ரிங் இருந்தால் அதே இடத்தில் வாசிக்கலாம். எனக்கு அது சோறு போடுகிற ஸ்ட்ரிங்.

நாலேபோதும்:
ஈ ஸ்ட்ரிங்கை டி-க்கு இறக்கினால் இரண்டு கட்டை வரை கிடைக்குமே.

மேடைப்பக்கம்:
பாட்டுக்குப் பாட்டு இறக்கி ஏற்றுவீர்களா? நடுவில் பத்து விநாடி கூடக் கிடைக்காது. பேட்டரியையும் குறை சொல்ல வேண்டாம். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸில் கிடார் தயாரிப்பாளர் ரோஜர் சடௌஸ்கி ப்ரீஆம்ப் பொருத்தினார். அந்த ஸ்லாப் சத்தத்தில் அதற்கும் பங்கு உண்டு.

கீழ்ஸ்தாயி:
கேள்வி கேட்டவரைக் காணோம். நான் இன்னமும் 130 கேஜ் என்றுதான் சொல்வேன்.

ஈயப்பற்று:
தம்பி, இன்னொன்று. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுகிறீர்களா? பெரும்பாலான ஆக்டிவ் பேஸில் கேபிள் ஜாக்கில் இருக்கும்வரை ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், வால்யூமைக் குறைத்தாலும் நிற்காது. இரண்டு பேட்டரி மாடல் என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

அஞ்சுகம்பி:
ப்ரோகிராம் முடிந்து இப்போதுதான் வந்தேன். பாஸிவில் சுத்தமாக இருந்தது. ஒரே பேட்டரி, மீட்டரில் வைத்தால் 6.2 வோல்ட். புதிது போட்டதும் சரியாகிவிட்டது. கேபிளை ராத்திரியெல்லாம் மாட்டியே வைத்திருந்தேன். நன்றி அண்ணா.

கீழ்ஸ்தாயி:
சரி, இந்த முறை பேட்டரிதான். ஆனால் அந்த ஸ்ட்ரிங் என்ன கேஜ் என்று கடையில் கேட்டு எழுதுங்கள்.