கனடாவில் மருந்தாக வாங்கிய கஞ்சா, விமானம் இறங்கியதும் குற்றமா?

ஸ்காபரோ குமரன்

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கே சில நாள் நின்று, பிறகு சென்னையில் சித்தி வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்குக் காலில் தீராத நரம்பு வலி. வைத்தியர் எழுதிக் கொடுத்துத்தான் இரவில் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) கலந்த எண்ணெய் சில துளி எடுக்கிறார், வலி தாங்க முடியாத நாட்களில் வேப், அதாவது எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட் கருவி. 2018 அக்டோபர் 17 முதல் இங்கே கஞ்சா சட்டபூர்வம். 30 கிராம் வரை பையில் வைத்துக்கொண்டு வீதியில் நடக்கலாம், உள்நாட்டு விமானத்திலும் ஏறலாம்.

எண்ணெயைக் கொண்டுபோக முடியாது என்று தெரியும். மருந்துச்சீட்டு இருந்தாலும் எல்லை தாண்டிக் கொண்டுபோவது கனடாவின் சட்டப்படியே குற்றம். நான் கேட்பது வெறும் சாமான்களைப் பற்றி. வேப் கருவி, அதில் மாட்டும் எண்ணெய்க் குப்பியான காலி கார்ட்ரிட்ஜ், இலையை அரைக்கும் சின்ன உலோக கிரைண்டர். நன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டுபோனால் என்ன?

இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. ஒரு நாட்டின் வைத்தியர் கொடுத்த மருந்தின் தூசு ஒட்டியிருந்ததற்காக இன்னொரு நாடு ஒரு நோயாளியைக் கூண்டில் நிறுத்துவது அநியாயம்.

தெம்பனீஸ் செல்வி

குமரன், அப்பா நலமாக இருக்கட்டும். அந்த மூன்று சாமானையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முதலில், கஞ்சாவே வேண்டாம், சிங்கப்பூரில் வேப் வைத்திருப்பதே 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம். அடுத்து, போதைப்பொருள் உட்கொள்ளும் கருவியை வைத்திருப்பதற்கென்றே எங்கள் சட்டத்தில் தனிப்பிரிவு உண்டு. அதிகபட்சம் 3 ஆண்டு சிறை அல்லது 10,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதற்கு மேல் கருவிக்குள் மிச்சம் ஒட்டியிருந்தால், போதைப்பொருள் வைத்திருந்தது, நாட்டுக்குள் கொண்டுவந்தது என்று வழக்கு வேறு திசையில் போகும். கண்ணுக்குத் தெரியாத பிசினையும் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துவிடும். கஞ்சாவிலிருந்தே எடுத்தாலும் போதை தராத சிபிடி எண்ணெய் என்றால் விடுவார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். இங்கே அதற்கும் விலக்கில்லை.

அநியாயம் என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் புளோக்கில் மகனைப் போதைக்குப் பறிகொடுத்த ஒரு தாயைத் தினமும் பார்க்கிறேன். நாலு பக்கமும் போதை மலிந்த வட்டாரத்தில் ஒரு சின்னத் தீவு தன் வாசலை இறுக்கிப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடுதான். எங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சட்டம் இன்னும் கடுமை: வெளிநாட்டில் புகைத்துவிட்டுத் திரும்பி வந்து சிறுநீர்ச் சோதனையில் மாட்டினால், இங்கே புகைத்ததற்குச் சமம். எங்களுக்கே இப்படி இருக்கும்போது விருந்தாளிக்குத் தளர்த்தச் சொல்லலாமா?

பாங்காக் ரவி

இவ்வளவு பயம் எதற்கு? 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. தெருவுக்குத் தெரு கடை. உலகம் அந்தப் பக்கம்தான் போகிறது. சிங்கப்பூருக்குப் பதில் பாங்காக் வழியாகப் போங்கள் அண்ணா. மருந்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

எக்மோர் வக்கீல்

ரவி, உங்கள் தகவல் பழசு. தயவுசெய்து இதை நம்பி யாரும் டிக்கெட் போட வேண்டாம். 2025 ஜூனில் தாய்லாந்து சட்டத்தை மறுபடி இறுக்கிவிட்டது. கஞ்சாப் பூவுக்கு இப்போது மருந்துச்சீட்டு வேண்டும். தாராளமாக விற்ற காலத்திலும் 0.2 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. உள்ள சாறு அங்கே போதைப்பொருளாகத்தான் இருந்தது. குமரனின் அப்பா எடுப்பது அந்த எண்ணெய்தான். வேப்பைக் கொண்டுபோவதற்கும் தாய்லாந்தில் தடை.

பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வரும் விமானங்களைச் சுங்கத்துறை எப்படிப் பார்க்கிறது என்பது இன்னொன்று. ஹைட்ரோபோனிக் கஞ்சாவை (மண்ணில்லாமல் நீரில் வளர்த்தது) தின்பண்டப் பாக்கெட்டில் அடைத்துக் கொண்டுவந்து மாட்டுகிறவர்களைப் பற்றிச் செய்தி வராத மாதம் குறைவு. அந்த வரிசையில் வேப்போடு நின்றால் முதலில் திறப்பது உங்கள் பெட்டியைத்தான்.

சரி, இந்தியச் சட்டத்துக்கு வருகிறேன். குமரனுக்கு இதுதான் முக்கியம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சாவுக்குச் 'சிறிய அளவு' 1 கிலோ வரை. கேட்டால் தாராளம் போலத் தெரியும். ஆனால் எண்ணெய், பிசின் எல்லாம் கஞ்சா கணக்கில் வராது, சரஸ் (கஞ்சாச் செடியின் பிசின்) கணக்கில் வரும். அதற்குச் சிறிய அளவு 100 கிராம்தான். 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலப்படப் பொருளைச் சேர்த்து மொத்த எடையையே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. கஞ்சா கலந்த ஒரு டப்பா கம்மி மிட்டாயில் (ஜெல்லி மிட்டாய்) போதைப் பகுதி இத்துனூண்டுதான் இருக்கும். இருந்தாலும் சர்க்கரை, ஜெலட்டின் எல்லாவற்றையும் சேர்த்து நிறுக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதாட அந்தத் தீர்ப்பு இடம் கொடுக்கிறது. "வெறும் மிட்டாய்தானே சார்" என்று கொண்டுவருகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

துளிகூட ஒட்டாத கிரைண்டரை வைத்திருப்பதற்கு நம் சட்டத்தில் தனிக் குற்றப்பிரிவு கிடையாது. மிச்சம் ஒட்டியிருந்தால் வழக்குப் போட வழி உண்டு, கருவியையும் பறிமுதல் செய்யலாம். சிறிய அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டுதான், ஜாமீனும் கிடைக்கும். ஆனால் எனக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தது என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். குற்ற மனம் இருந்ததாக நீதிமன்றம் முதலிலேயே அனுமானிக்கும், அதை உடைக்கும் பாரம் உங்கள் தலையில். வேப் கருவியைப் பொறுத்தவரை, மின்சிகரெட் இறக்குமதியை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஸ்காபரோ குமரன்

வக்கீல் ஐயா, விளக்கத்துக்கு நன்றி. வேப்பை விட்டுவிட்டுத்தான் போவோம், அதில் முடிவு எடுத்தாயிற்று.

ஆனால் செல்வி அக்கா சொல்வதை ஏற்க முடியவில்லை. பிரிட்னி கிரைனர் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனையை 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் பிடித்தார்கள். பையில் இருந்தது வேப் கார்ட்ரிட்ஜில் 0.702 கிராம் எண்ணெய். அரிசோனா மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும் இருந்தது. தீர்ப்பு 9 ஆண்டு சிறை. அந்த டிசம்பரில் ஒரு ஆயுத வியாபாரியை மாற்றாகக் கொடுத்துத்தான் அவரை மீட்டார்கள். இதனால் ரஷ்யாவில் எந்தப் பிள்ளை போதையிலிருந்து காப்பாற்றப்பட்டது? அரசுகள் பிணைக்கைதி பிடிக்கத்தான் இப்படிப்பட்ட சட்டம் உதவுகிறது.

தளர்த்தவும் முடியும் என்பதற்கு அமீரகம் சாட்சி. ஒரு காலத்தில் துபாயில் செருப்பில் ஒட்டிய 0.003 கிராமுக்கு ஒரு பிரித்தானியருக்கு 4 ஆண்டு கொடுத்தார்கள். 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில், டி.எச்.சி. கலந்த உணவோ பானமோ சொந்த உபயோகத்துக்கு முதல்முறை கொண்டுவந்து பிடிபட்டால் பறிமுதல் செய்வதோடு விடலாம் என்று மாற்றினார்கள். அதனால் அமீரகம் கெட்டுவிட்டதா?

கிள்ளான் மைந்தன்

குமரனோடு நிற்கிறேன். மலேசியாவில் 200 கிராம் கஞ்சாவுக்கு மேல் போனால் கடத்தல் என்று சட்டமே அனுமானிக்கும். ஆனாலும் 2023இல் நாங்கள் கட்டாய மரண தண்டனையை நீக்கினோம், முடிவு இப்போது நீதிபதி கையில். அதே ஆண்டு ஏப்ரல் 26இல் சிங்கப்பூர் தங்கராஜு சுப்பையாவைத் தூக்கிலிட்டது. 1,017.9 கிராம் கஞ்சா கடத்த உதவினார் என்பது வழக்கு. அந்தப் பொட்டலம் அவர் கைக்கு வந்ததே இல்லை, தொலைபேசி எண்களை வைத்துத்தான் அவரை இணைத்தார்கள். வாக்குமூலம் எடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் தரவில்லை என்று அவர் சொன்னார், அரசு அதை மறுத்தது. ஒரு தமிழனாக அந்த வாரம் நான் தூங்கவில்லை. வாசலை இறுக்கிப் பிடிப்பது என்று எளிதாகச் சொல்கிறீர்கள் அக்கா.

தெம்பனீஸ் செல்வி

தம்பி, தங்கராஜு வழக்கு என்னையும் உலுக்கியது. மொழிபெயர்ப்பாளர் பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் இங்கே தூக்குத் தண்டனைக்கு வரம்பான 500 கிராமைத் தாண்டிய கடத்தல் வழக்கையும் கிரைண்டர் தூசையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசினால், படிக்கிறவர் எதற்கு எது தண்டனை என்று தெரியாமல் குழம்புவார். தூசுக்கு யாரையும் தூக்கில் போடுவதில்லை.

கிரைனர் விஷயத்தில் குமரனோடு ஒத்துப்போகிறேன், அந்த 9 ஆண்டு அரசியல். அதனால் எல்லா நாட்டுச் சட்டமும் அரசியல் ஆகிவிடாது. நீங்கள் மருந்துச்சீட்டு என்கிறீர்கள். கலிபோர்னியாவில் சில ஆண்டுகள் முதுகுவலி என்று சொன்னாலே சீட்டுக் கிடைத்தது. அப்படி ஒரு சீட்டை எங்கள் சாங்கி விமான நிலைய அதிகாரி எதை வைத்து நம்புவார்?

ஸ்காபரோ குமரன்

அதற்குத்தான் நாடுகளுக்கு இடையே பொதுப் படிவம் வேண்டும் என்கிறேன். ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகளுக்குள் அது இருக்கிறது. மருத்துவர் எழுதி, அரசு முத்திரை வைத்த சான்றிதழோடு 30 நாளுக்கான மருந்தைக் கொண்டுபோகலாம். நம்பிக்கை இல்லையென்றால் சரிபார்க்க வழி செய்யுங்கள். சரிபார்க்காமல் குற்றவாளி என்பது எப்படிச் சரி?

நியூஜெர்சி வாணி

இடையில் ஒன்று. குமரன், அமெரிக்கா வழியாக டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்திலேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை முடிந்துவிடும். மாநிலங்கள் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தில் கஞ்சா இன்னும் தடைதான். கஞ்சா எடுத்ததுண்டு என்று வாயால் ஒப்புக்கொண்டதற்கே வெளிநாட்டவருக்கு நுழைவு மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அப்பாவை அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்த வேண்டாம்.

எக்மோர் வக்கீல்

வாணி சொன்னது முக்கியம். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா வழக்கமாக வேப் வைக்கும் ஜாக்கெட், மருந்துப் பை, அந்தச் சாமான்கள் போய்வந்த பெட்டி எதையும் எடுக்காதீர்கள். பழைய கம்மி ஒன்று உறைக்குள் கிடந்தாலும் அது உங்கள் பொருள்தான். டிரான்சிட்தானே, நான் நாட்டுக்குள்ளேயே போகவில்லை என்ற வாதமும் நிற்காது. கம்போடியாவிலிருந்து ஆஸ்திரேலியா போகும் வழியில் சாங்கியில் பிடிபட்டவரை, ஹெராயின் வழக்கில் 2005இல் தூக்கிலிட்டார்கள்.

ஸ்காபரோ குமரன்

புதுப் பெட்டியே வாங்கிவிடுகிறேன். என் கருத்து மாறவில்லை, ஆனால் அப்பாவை வைத்துக்கொண்டு எல்லையில் வாதாட மாட்டேன். இனி ஒரே கவலை, எண்ணெய் இல்லாத இரவுகள். அவருடைய வைத்தியர் கோடீன் (அபின் வகை மருந்து) கலந்த வலி மாத்திரை தரலாம் என்கிறார். அதற்கும் சிங்கப்பூரில் தொல்லை வருமா?

தெம்பனீஸ் செல்வி

கோடீன் மாத்திரைக்கும் அளவைப் பொறுத்து முன் அனுமதி வேண்டும். சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வைத்தியர் கடிதத்தில் மருந்தின் பெயர், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நவம்பர் வரை காத்திருக்காமல் இப்போதே போடுங்கள். படிவத்தில் சந்தேகம் வந்தால் இங்கே கேளுங்கள், கூடவே இருந்து நிரப்பித் தருகிறேன்.