அமெரிக்கால இருக்குறவர்கிட்டருந்து பிள்ளைக்கு ஜீவனாம்சம் வாங்க முடியுமா?

நெல்லைப்பொண்ணு:
பையனுக்கு மாசம் 15,000 குடுக்கணும்னு மதுரை ஃபேமிலி கோர்ட்ல எக்ஸ்பார்ட்டி ஆர்டர் (அவங்க அப்பா ஆஜராகாததால ஒருதலைப்பட்சமா போட்டது) வந்து வருஷம் ஆகப்போகுது. அவர் டெக்சாஸ்ல ஐடி வேலைல இருக்கார், பத்து பைசா அனுப்பல. "இங்க அந்த ஆர்டர்லாம் செல்லாது"ன்னு மெசேஜ் போட்டுட்டு பிளாக் பண்ணிட்டார். நிஜமாவே செல்லாதா?

கோர்ட்டுவாசல்:
பாதி உண்மை சிஸ்டர். பிள்ளைங்க ஜீவனாம்சத்துக்குன்னே நாடுகளுக்கு நடுவுல 2007ல போட்ட ஹேக் ஒப்பந்தம் இருக்கு, அமெரிக்காவுல அது 2017லருந்து அமல்ல இருக்கு, இந்தியா சேரல. அதனால மதுரை ஆர்டர் அங்க தானா ஓடாது. ஆனா அதுக்கு முன்னாடி ஊர்ல ஒரு வேலை இருக்கு, உங்க ஆர்டர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல ஜீவனாம்சத்துக்கான பிரிவுல (பழைய சிஆர்பிசி 125, இப்போ பிஎன்எஸ்எஸ் 144) வந்ததுன்னா ஒவ்வொரு மாச பாக்கிக்கும் அது விழுந்த தேதிலருந்து ஒரு வருஷத்துக்குள்ள வசூல் வாரண்ட் கேட்டு மனு போட்டே ஆகணும். விட்டா அந்த மாசத்துக்கு வாரண்ட் கிடையாது. நிறைய பேருக்கு வக்கீலே இத சொல்றதில்ல. இந்த வாரமே போங்க.

ஹூஸ்டன் அண்ணாச்சி:
தங்கச்சி, மதுரை ஆர்டரயே புடிச்சு தொங்காதீங்க. ஆள் டெக்சாஸ்ல குடியிருக்கார்ல, அப்போ அங்கயே பிள்ளைக்கு புதுசா கேஸ் போடலாம், நீங்க இந்தியால இருந்தாலும் போடலாம். அங்க ஒரு பிள்ளைன்னா பொதுவா நிகர வருமானத்துல 20 சதவீதம், ஐடி சம்பளத்துக்கு உங்க 15,000லாம் ஒண்ணுமே இல்ல. ஆர்டர் ஆயிட்டா கம்பெனியே சம்பளத்துல புடிச்சு அனுப்பும், இவர் பிளாக் பண்ணா என்ன பண்ணாட்டி என்ன. மேரேஜ் சர்டிபிகேட், பையனோட பர்த் சர்டிபிகேட் ரெடியா வைங்க. 2,500 டாலர் பாக்கி வச்சா பாஸ்போர்ட் குடுக்க மாட்டாங்கன்னு சொல்வாங்க, அது அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான்.

நெல்லைப்பொண்ணு:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. அவர் இந்திய பாஸ்போர்ட்தான். ஊர்ல வயல் மாமனார் பேர்ல இருக்கு, தாம்பரத்துல ஒரு ஃப்ளாட் அவர் பேர்லயே இருக்கு, அதுல கை வைக்கலாமா?

கோர்ட்டுவாசல்:
வயல விடுங்க, மாமனார் சொந்தமா சம்பாதிச்சு வாங்கினதுன்னா அது மாமனாரோட சொத்துதான். ஃப்ளாட்தான் உங்க புடி! வாரண்ட் மனுவுலயே அந்த விவரத்த போட்டு, கலெக்டர் மூலமா வசூல் பண்ணணும்னு கேளுங்க, வரி பாக்கிக்கு ஜப்தி பண்றாப்லதான். முதல்ல வில்லங்க சான்றிதழ் எடுத்துப் பாருங்க, அவர் அத சத்தமில்லாம விக்கப் பாக்கலாம்.